ஆளுக்கொரு முனை

அவர் இழுத்தார்.

பாகு நீளவில்லை. அவள்தான் வந்தாள்.

தலையணையில் சாய்ந்திருந்தவள், கையில் பிடித்திருந்த பாகோடு சேர்ந்து கட்டில் விளிம்புவரை வழுக்கி வந்துவிட்டாள். அவர் பதறிப்போய் முன்னால் ஓடித் தோளால் அணைத்துப் பிடித்தார்.

ஒன்றும் பலமாக இழுத்துவிடவில்லை. வருஷா வருஷம் இழுக்கிற அதே இழுப்புதான்.

இவ்வளவா இளைத்துவிட்டாள்?

அவருக்குப் பயமாக இருந்தது. பாகு ஒட்டாமலிருக்க இரண்டு கையிலும் வெண்ணெய், கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லை.

"பாத்துக்கிட்டே நின்னா எப்படி? இறுகிரும், இழுங்க," என்றாள் மனைவி.

ஜவ்வு மிட்டாய்க்கு இரண்டு பேர் வேண்டும். சீனிப்பாகைக் காய்ச்சி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, தாம்பாளத்தில் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு முனையாகப் பிடிக்க வேண்டும். இழுத்து, மடித்து, மறுபடி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கத்தான் உள்ளே காற்று ஏறும். பழுப்பு போய்ப் பால்நிறம் வரும்.

கல்யாணமான புதிதில், விருதுநகர் பங்குனிப் பொங்கலில், பொம்மை கட்டிய கம்போடு வந்த மிட்டாய்க்காரரிடம் அவள் இரண்டு கைக்கும் மிட்டாய் வாட்ச் கட்டிக்கொண்டாள். "இதை வீட்டுலயே செஞ்சா என்ன?" என்று கேட்டாள். அன்று பிடித்தது. அதிலிருந்து திருவிழாக் கொடியேற்றத்தன்று சாயங்காலம் இந்த வீட்டில் ஜவ்வு மிட்டாய்தான். பிள்ளை இல்லாத வீடு. செய்தவர்களே தின்று தீர்க்க வேண்டும்.

அப்போதெல்லாம் அவள் இழுத்தால் இவர்தான் தடுமாறுவார். பஞ்சாலையில் பஞ்சுப் பொதிகளைப் பேல் பேலாகப் புரட்டிய மனிதர், பெண்டாட்டி இழுத்த இழுப்புக்கு அடுப்படிச் சுவரில் போய் முட்டியிருக்கிறார். அந்தக் கதையை அவள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இந்த வருஷக் கொடியேற்றத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது.

"இன்னிக்கே செய்வோமே," என்று காலையில் அவளாகத்தான் கேட்டாள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. வாய்க்கு ருசி திரும்புகிறது போல என்று நினைத்தார். சந்தோஷமும் பட்டார். அவ்வளவு சின்ன சந்தோஷத்துக்கும் ஏங்கிப்போயிருந்தார்.

வயிற்றுப் புண் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். டாக்டர் சொன்ன பெயர் வேறு. ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து, "புண்ணு ஆறிக்கிட்டு வருதாம்," என்றார்.

அவள் "சரி" என்றாள். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று அன்று அவர் நம்பினார்.

சுடுதண்ணீர் வைக்கத் தெரியாத மனிதர்தான் இன்று பாகு காய்ச்சியது. அவள் படுத்தபடியே கொதிக்கிற சத்தத்தைக் கேட்டு, "இறக்குங்க," என்று குரல் கொடுத்தாள். அவர் துணியைத் தேடி, தட்டைத் தேடி, இறக்குவதற்குள் ஒரு கொதி கூடிப்போயிற்று.

இப்போது அவளைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார். அவள் முனையை மறுபடி விரல்களில் சுற்றிவிட்டார்.

அதன்பின் அவர் இழுக்கவில்லை.

தன் முனையோடு மெல்லப் பின்னால் நடந்தார். பாகு தன் கனத்திலேயே தொய்ந்தது. தொய்ந்ததை அள்ளி அவள் கையில் சேர்த்தார். மறுபடியும் பின்னால் போனார். இழுக்கிற மாதிரி தோளை மட்டும் அசைத்தார். மூச்சு வாங்குகிற மாதிரி நடித்தார்.

"அடேயப்பா. ஒனக்கு இன்னும் அந்த இழுப்பு போகலையே."

அவள் சிரித்தாள்.

இப்படிச் செய்தால் மிட்டாய் எங்கே வெளுக்கும்? பாகு பிடிவாதமாகப் பழுப்பாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் இறுகவும் தொடங்கியது.

"வெளுத்திருச்சா?" என்று கேட்டாள்.

"வெளுத்திருச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் நேராக மடியில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணில் அவளுக்கு ஒரு கோளாறும் கிடையாது.

"ஆமா," என்றாள். "பாலு மாதிரி இருக்கு."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து "சரி" என்று சொன்னபோதும் அந்த முகம் இப்படித்தான் இருந்தது. அன்றைக்கு அவர் சரியாகப் பார்க்கவில்லை.

அவர் கையிலிருந்த முனை நழுவித் தாம்பாளத்தில் விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

அவள் ஒரு துணுக்கைப் பிய்த்து அவர் வாயில் வைத்தாள். இனித்தது. கொஞ்சம் தீய்ந்தும் இருந்தது.

"அடுத்த வாட்டி ஜன்னல் கம்பியில மாட்டி இழுங்க," என்றாள். "ஒரு ஆளு போதும்."