முழங்கைச் சூடு

தொட்டித் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்தாள். சுட்டது.

ஒரு குவளை பச்சைத்தண்ணீர் சேர்த்து விளாவினாள். மறுபடி விட்டாள். இன்னும் சுட்டது.

மடியில் கிடந்தவன் குறைமாதத்துப் பிள்ளை. பிறந்து நாற்பது நாள். உடம்புச் சூடு இறங்கவே கூடாது என்று நர்ஸம்மா தலைப்பாடாய் அடித்துக்கொண்டு அனுப்பியிருந்தாள். அதற்காகப் பிள்ளையை அவித்தா எடுக்க முடியும்?

காலையிலிருந்து அவளுக்கு உதடு மரத்துக் கிடந்தது. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது.

கடல் செக்கச்செவேலென்று மாறிப் பத்து நாள். பாசி பூத்திருக்கிறதாம். புருஷன் பாறையில் கொத்திவந்த சிப்பியைச் சந்தையில் ஒருவரும் சீந்தவில்லை. கொட்ட மனம் வராமல், ஒன்றுக்கு இரண்டு கொதி விட்டு, நேற்று மத்தியானம் வீட்டிலேயே தின்று தீர்த்தார்கள். இரண்டு கொதிக்குத் தப்பிய விஷம் உண்டா என்ன?

உள்ளறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான் புருஷன். அந்த நிலையிலும் வாய் சும்மா இல்லை.

“உனக்கு வாய் மரத்துப்போச்சுன்னா அது எனக்கு நல்ல காலம்டி.”

சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

பிள்ளையைத் தொட்டியில் இறக்கியதும் வீறிட்டான். மூச்சுப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“சுடுதாடா தங்கம்? இரு, இரு.”

இன்னொரு குவளை பச்சைத்தண்ணீர். அப்புறம் இன்னொன்று. வெளியே பீப்பாயில் பனியில் கிடந்த தண்ணீர். அதை மொண்டுவந்த வாளியே காலியாகிவிட்டது.

மெல்ல மெல்ல அழுகை தேய்ந்தது. முனகலானது. அதுவும் நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒருவழியாய்ப் பதம் வந்துவிட்டது. அவள் முழங்கைதான் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

துண்டோடு வந்தாள் நாத்தனார். சிப்பி வாடையே ஆகாது என்று நேற்று வெறும் சோற்றைத் தின்றவள். தொட்டியில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ஐயய்யோ அண்ணி! ஐஸ் தண்ணியிலயா புள்ளையப் போட்டு வச்சிருக்கீங்க?”

நீலம் பாரித்த உதட்டோடு கிடந்தவனை வாரியெடுத்துத் துடைத்தாள். அண்ணியின் மார்போடு சேர்த்துப் போர்வையால் சுற்றினாள். வண்டி பிடிக்க ஓடியவள் வாசலில் நின்று கத்தினாள்.

“உடம்பு சூடாகுதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருங்க அண்ணி!”

அவன் பாதத்தைத் தொட்டாள். அந்த ஐஸ் தண்ணீரைப் போலவே நெருப்பாய்ச் சுட்டது.

கன்னத்தைத் தொட்டாள். அதுவும் சுட்டது.