வயது மட்டும் காலி

தனக்கு இன்னும் வரன் அமையாத கோமதி, 1999இல் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண இணையதள அலுவலகத்தில், வரன் தேடுவோர் நிரப்பும் படிவத்தைக் கணினியில் உருவாக்கிக்கொண்டிருந்தாள். சோதித்துப் பார்க்க, இல்லாத ஒரு மாப்பிள்ளையின் விவரங்களைத் தட்டினாள். கற்பனையில் மாப்பிள்ளைக்கு என்ன பஞ்சம்? பெயர் உலகநாதன். ஊர் பாபநாசம். வேலை, ஆற்றுமீனுக்குப் பொரி போடுவது. சிரித்தால் கன்னத்தில் குழி. வயதை நிரப்பும் முன் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, சேமிக்காமல் மூடிவிட்டாள்.

மறுநாள் காலை, சட்டைப்பை நிறையப் பொரியோடு ஒருவன் அலுவலகத்துக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்தான்.

"உலகநாதன்," என்று சிரித்தான். கன்னத்தில் குழி விழுந்தது. "மத்ததெல்லாம் சரியா இருக்கு. என் வயசுதான் எனக்குத் தெரியமாட்டேக்கு. நீங்க பாதியிலயே மூடிட்டியள்லா?"

கோமதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதே விவரங்களை மறுபடி தட்டி, வயதுக்குத் தன் வயதோடு இரண்டைக் கூட்டிப் போட்டாள். இந்த முறை மறக்காமல் சேமித்தாள்.