சீர் ஓவனின் கனம்

மருமகன் எழிலன் கையில் ஸ்குரூ டிரைவரைப் பார்த்ததும் லோகநாதன் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள் வீட்டுக் கூடத்துக்குள் பாய்ந்தார்.

பழைய மைக்ரோவேவ் ஓவன்களைப் பிரித்து, உள்ளே கனமாக இருக்கும் டிரான்ஸ்பார்மரை எடுத்து, ஹை வோல்டேஜ் பவர் சப்ளை செய்வதில் எழிலனுக்குப் பைத்தியம். காயலான் கடையில் வாங்கிய ஐந்து ஓவன்கள் கூடத்தில் குடல் சரிந்து கிடந்தன. ஆறாவது, மகள் கல்யாணத்துக்கு லோகநாதன் சீராகக் கொடுத்தது. ‘அன்பளிப்பு: லோகநாதன் இரும்புக்கடை, எண்ணூர்’ என்ற எழுத்து இன்னும் அழியவில்லை.

“ஸ்குரூ டிரைவர கீழ வை. ஊரே பாக்க மேளம் வெச்சி குட்த்த சீரு. குப்பை பொறுக்குற கையால தொடாத.”

“மாமா, நான் இன்னா சொல்றேன்னா...”

“இன்னா சொல்லுவ? ஒயர் புடுங்கி வெளையாட என் மானந்தான் கெடச்சிதா? என் வூட்டுக்கே எடுத்துனு போறேன்.”

மூச்சைப் பிடித்துத் தூக்கினார். ஓவன் வெறும் டப்பாவாக மேலே வந்ததில் தடுமாறிப் போனார்.

மகள் மகிழினி ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

“அவரு கழட்டல நைனா. பழைய ஓவன் டிரான்ஸ்பார்மர இதுல மாட்டத்தான் எடுத்தாரு. நாளைக்கு உன் தங்கச்சி வருது. சீரு ஓடலன்னா உனக்கு அசிங்கம்னாரு.”

“அப்போ இதுல இருந்த டிரான்ஸ்பார்மர் எங்கடீ?” என்று கத்தினார் லோகநாதன்.

அவள் கட்டிலடியிலிருந்து இரண்டு இரும்பு எடைக்கற்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். இரண்டிலும் அவர் கடையின் பெயர் பெயிண்டில் எழுதியிருந்தது.

“கல்யாணத்து மறுநாளே தொறந்து பாத்துட்டோம். உள்ள இருந்தது இதான். கத்தாத நைனா, பக்கத்து வூட்டுக்குக் கேக்கும்.”