பார்த்து எழுதிய சைபர்

“யாருக்கும் ஒண்ணுமில்லன்னா எதுக்குக்கா மழையில வர்றீங்க?” வீடு வீடாகக் காய்ச்சல் விசாரித்து வந்த நர்ஸ் ஞானசௌந்தரியிடம், ஏழு வயது வேம்பு கேட்டாள்.

“ஒண்ணுமில்லன்னு எழுதத்தான்டி. பார்க்காம எழுதினா அது பொய். எங்க, வாயைத் தொற.”

வேம்பின் வாய்க்குள் தொண்டை அடைப்பான் நோயின் வெண்படலம் தெரிந்தது. அன்றே தகவல் போய், மருந்து வந்து, வேம்பு பிழைத்தாள்.

இப்போது வேம்புதான் அந்த ஊர் நர்ஸ். வாராந்திர நோய் அறிக்கை அனுப்பவேண்டிய நாளில் அடைமழை.

“ஓடைக்கு அந்தாண்ட ஒத்த வீடுதானே பாக்கி? சைபர் போட்டு அனுப்புக்கா” என்று போனில் கெஞ்சினார் சுகாதார நிலைய எழுத்தர்.

வேம்பு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூவருக்கும் தொண்டை சுத்தமாக இருந்தது. திரும்பும்போது ஆளற்ற கரையில் நின்று, குடைக்குள் அறிக்கைத் தாளை விரித்து, ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள். பிறகு, பழைய பதிவேட்டில் ஞானசௌந்தரி எழுதியிருப்பதைப் போலவே, நன்றாக உருட்டி ஒரு சைபர் எழுதினாள்.