இருட்டறையில் ஒரு குழந்தை

"இந்த வாரமும் அதேதான். விளக்கணைச்ச அறையில ஒரு குழந்தை, தன்னந்தனியா, ஆறு நிமிஷம். அஞ்சு நாளும்." பள்ளித் தலைமை ஆசிரியை மிஸ் சுஹைலா அறிக்கைத் தாளை மேசைமேல் தள்ளினார்.

முன்திர் அதை வாங்கிப் பார்த்தான். அம்மான் நகரத்துப் பள்ளிகளுக்கு விளையாட்டுத் தரை போட்டுக் கொடுப்பது அவன் வேலை. பிள்ளைகள் காலை வைத்தால் தரையில் தெரியும் மீன்கள் சிதறி ஓடும், குரல் கொடுத்தால் பூ விரியும். காலையிலிருந்து இது நான்காவது பள்ளி. மதியச் சாப்பாடு காரிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

விளக்கையும் படத்தையும் அணைத்தாலும் கூரையில் இருக்கிற கருவியின் கண்ணும் காதும் தூங்குவதில்லை. எத்தனை பிள்ளைகள், எத்தனை நிமிஷம் என்று வாராவாரம் அறிக்கை அனுப்பிவிடும். யார் என்பதும் இருக்காது, எந்த நேரத்தில் என்பதும் இருக்காது.

கதவோரம் ரபாப் நின்றிருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வயதுப் பிள்ளைகள் பத்தொன்பது பேரைத் தூங்கவைத்துக் காவல் இருப்பவள். அந்த நேரத்தில்தான் விளையாட்டு அறை பூட்டாமல், ஆளில்லாமல் கிடக்கும். அதனால் பழி நேராக அவள்மேல் வந்து விழுந்திருந்தது. பதினோரு வருஷ வேலை. நாற்பத்தாறு வயதில், பிள்ளையைத் தொலைத்தவள் என்ற பெயரோடு போனால் எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்?

அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் தயாராக மேசையில் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணுவதாக ரபாப் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். இன்றைக்கும் சொன்னாள். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு மிஸ். உட்கார்ந்தபடியே கண்ணசந்து போறேனோ என்னவோ. உடம்பு அவ்வளவு ஓய்ஞ்சு போச்சு."

கேட்கவே கஷ்டமாக இருந்தது. முன்திர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சுஹைலாவும் கல்நெஞ்சக்காரர் இல்லை. மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தார். இருட்டில் ஒரு பிள்ளை தடுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டால் பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது என்றுதான் அவர் கேட்டார். அதில் தப்பொன்றும் இல்லை.

பெரியவர்கள் யாராவது உள்ளே போயிருக்கலாமே என்றாள் ரபாப், கடைசி முயற்சியாக.

முன்திருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. டீச்சர்கள் குறுக்கே நடந்து விளையாட்டைக் கெடுத்துவிடக் கூடாதென்று, ஒரு மீட்டர் உயரத்துக்கு மேலே தெரிகிற எதையும் கணக்கில் எடுக்காதே என்று அவனே அந்தக் கருவிக்குச் சொல்லி வைத்திருந்தான். பெரியவர்கள் உள்ளே நடந்தால் அதற்குத் தெரியவே தெரியாது என்றான்.

"பெரியவங்க பேச்சே வேணாம் தம்பி. நானும் தினம் ஒரு தடவை அங்க போய்ட்டுத்தான் வரேன்" என்றார் சுஹைலா. "ஒரு பிள்ளையும் என் கண்ணுல பட்டதில்ல. ஆள் வர்ற சத்தம் கேட்டா ஓடிடுது போல. சரியான வாண்டு."

அறிக்கையில் வருவது சுருக்கம்தான், முழுப் பதிவும் உள்ளே இருக்கும் என்று சொல்லிவிட்டு, முன்திர் மடிக்கணினியோடு விளையாட்டு அறைக்குப் போனான். கம்பியைச் செருகி எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"எப்ப வருது?" என்று கேட்டார் சுஹைலா.

"பன்னிரண்டே முக்காலுக்கு மேல. அஞ்சு நாளும் கிட்டத்தட்ட ஒரே நேரம்."

தூங்கவைக்கும் நேரம். ரபாப் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சத்தம் ஏதாவது?"

"அழல. மெதுவா ஏதோ முணுமுணுக்குது. வார்த்தை பிடிபடல."

"யார் பெத்த பிள்ளையோ" என்றாள் ரபாப். கண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. "பயத்துல தனக்குத்தானே பேசிக்குது. நான் இங்க இருந்துக்கிட்டு என்ன பிரயோஜனம்? கையெழுத்துப் போட்டுடுங்க மிஸ்."

சுஹைலா பேனாவைத் திறந்தார்.

முன்திர் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குழந்தை ஓடவில்லை, தவழவில்லை, ஓர் இடத்தை விட்டு நகரவே இல்லை. தரையோடு தரையாகக் குனிகிறது. உட்காருகிறது. மறுபடி குனிகிறது. பிறகு ஒரு நிமிஷம் ஆளையே காணோம். திரும்பவும் அதே இடத்தில் குனிகிறது.

இப்படி நான்கு முறை. இரண்டாவது முறையும் நான்காவது முறையும் மட்டும் எழுந்து மறைவதற்கு முன்னால் சற்று அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறது.

அவன் திங்கட்கிழமையைப் பார்த்தான், செவ்வாயைப் பார்த்தான். அச்சுப் பிசகாமல் அதே நான்கு. விரல் விட்டு இன்னொரு தடவை எண்ணினான். மூன்று வயதுப் பிள்ளைக்கு வருகிற கணக்கில்லை அது. அவனுக்கே ஏழு வயதில்தான் வாப்பா பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

பேனா கடிதத்தைத் தொடப் போன நேரத்தில் அவன் நிமிர்ந்தான்.

"மிஸ், மத்தியானத் தொழுகையை நீங்க அந்த அறையிலயா தொழுறீங்க?"