நிலைப்படியில் ஒரு கன்னம்

மூடநம்பிக்கை ஒழிப்புக் கழகத் தலைவர் இமயவரம்பனின் வீட்டு வாசலிலேயே, திருஷ்டி கழிய, கறுப்புக் கயிற்றில் படிகாரக் கட்டி தொங்கியது. அதை அறுத்தெறியச் சொல்லி அவர் அலுத்துவிட்டார். "கழகத்துக்கு நீங்க தலைவர், வாசலுக்கு நான்," என்பாள் மனைவி கோமளா.

அன்று மாலை மாநாடு. மேடையில் முகம் பளபளக்க வேண்டுமென்று, பழைய பிளேடால் எதிர்வாக்கில் இழுத்து இழுத்து மழித்தார். இரு கன்னமும் சிவந்து, தடித்து, எரிந்தன. தடவலாமென்றால் சவரப் பெட்டியில் இருந்த படிகாரம் கரைந்து தீர்ந்திருந்தது. கோமளா கடைக்குப் போயிருந்தாள். அவர் வாசலுக்கு வந்து ஸ்டூல் போட்டு ஏறினார். கயிற்றின் முடிச்சு அவிழவில்லை. ஈரக் கன்னத்தைத் தொங்கும் கட்டியிலேயே வைத்துத் தேய்த்தார். கண்கள் சொக்கி மூடின.

திறந்தபோது, எதிர்வீட்டுத் தணிகாசலம் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தார். தலைவரின் பேச்சைக் கேட்டு, மாமியாரோடு சண்டை போட்டு, தன் வீட்டுப் படிகாரத்தைக் குப்பையில் போட்டவர் அவர்.

"சவரம் பண்ணேன். எரியுது. அதான்," என்றார் இமயவரம்பன்.

"புரியுதுங்க தலைவரே. மேடையில அத்தனை பேர் பாக்குறாங்க. எரியத்தான் செய்யும்."

"அய்யா, இது வெறும் பிளேடு எரிச்சல்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க."

பால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தணிகாசலம் ஸ்டூலை இரண்டு கையாலும் பயபக்தியோடு பிடித்துக்கொண்டார். "அந்தக் கன்னத்தையும் காட்டிடுங்க."

அந்தக் கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.