பழகின கை

செங்கம் ரோட்டு ஓட்டலில் சமையல் வேலை கேட்டு வந்த எல்லம்மாளிடம், முதலாளி சகாதேவன் ஒரு கிண்ணம் சாம்பாரை நீட்டினார்.

"எப்படி இருக்குதுன்னு சொல்லும்மா."

சூட்டோடு முகர்ந்தால் பெருங்காயம்தான் முந்தும். அதனால் ஆவி அடங்கும்வரை காத்திருந்து முகர்ந்தாள். புளித்த வாடை அடியிலிருந்து எழுந்தது.

"முந்தாநாள் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு வச்சதுங்க. கெட்டுப்போனது தெரியக்கூடாதுன்னு புதுசா தாளிச்சிருக்கீங்க."

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"பழைய ஓட்டல்ல ஆறு வருசமா எனக்கு இதே வேலைதானுங்க. சாப்பிடறவங்க முகத்தைப் பார்க்கவே கூசும். அதான் வேலையை விட்டு நின்னுட்டேன். இங்கயாவது நல்லதா சமைக்கலாம்னு வந்தேன்."

சகாதேவன் முகம் மலர்ந்தது.

"நாளைக்கே வந்துடும்மா. எங்க மாஸ்டர் தாளிச்சா ரெண்டு பேராவது மோப்பம் புடிச்சிடறாங்க. உன்னுது பழகின கையாச்சே."